பார்க்கிறவன் பட்ட கடன்

"பார்த்தால் என்ன, தேய்ந்தா போய்விடும்?" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. வாங்கும் உத்தேசம் இல்லாமல் பத்துப் புடவைகளைப் பிரித்துக் காட்டச் சொல்கிறவர்களும் இதைச் சொல்வார்கள். ஜன்னல் ஓரமாக நின்று அடுத்த வீட்டுச் சண்டையை ரசிக்கிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள். தொட்டால் குற்றம், எடுத்தால் திருட்டு, பார்ப்பதற்கு என்ன வந்தது என்பது நம்முடைய அன்றாட தர்ம சாஸ்திரம்.

ஆனால் இதே ஜனங்கள்தான், குழந்தையை யாராவது வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டால், அன்று சாயங்காலமே மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போடுகிறார்கள். புது வீட்டின் முகப்பில் பூசணிக்காயில் பூதம் வரைந்து கட்டுகிறார்கள். பயிர் தலைசாய்த்து நிற்கும் வயலில் வைக்கோல் பொம்மையை நட்டு வைக்கிறார்கள். பார்வைக்கும் கை உண்டு, அது எதையோ எடுத்துக்கொண்டு போய்விடும் என்று அவர்களுக்கு உள்ளூர ஒரு பயம். எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தப் பயத்துக்குள் ஏதோ ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம், தேக்கடி ஏரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது.

தேனியிலிருந்து தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று சாலை போகிறது. இரண்டு பக்கமும் வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலும். கூடலூர் தாண்டி லோயர் கேம்ப். அங்கிருந்து பஸ் முனகிக்கொண்டே மலை ஏறினால் குமுளி. குமுளியில் சாலையைக் கடந்தால் கேரளம். சற்றுத் தூரத்தில் தேக்கடிப் படகுத்துறை. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குத் தேக்கடி ஒரு வெளியூர் இல்லை. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ உறவுக்காரர்கள் வந்தால் முதல் நாள் சுருளி அருவி, இரண்டாம் நாள் தேக்கடி என்பது எழுதாத சட்டம். இட்லிப் பொட்டலமும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் கிளம்பி, இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம்.

படகு ஒன்றரை மணி நேரம் போகிறது. கரையில் காட்டு மாடு நிற்கும், மிளா நிற்கும், காட்டுப் பன்றிகள் குட்டிகளோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். பாக்கியம் இருந்தால் யானைக் கூட்டம் வரும். மிக மிகப் பாக்கியம் இருந்தால் அது ஏரியை நீந்திக் கடக்கும். தண்ணீருக்கு மேலே தும்பிக்கை நுனிகள் மட்டும் தெரியும். ஏரி நெடுகிலும் கறுத்துப்போன பட்ட மரங்கள் தண்ணீருக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயப்போட்டு உட்கார்ந்திருக்கும். "எவ்வளவு அழகு!" என்று காமிராக்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பும்.

அந்தப் பட்ட மரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அது கடவுள் வெட்டிய ஏரி இல்லை. 1876-77இல் தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு நுரைத்துக்கொண்டு மேற்குக் கடலுக்கு ஓடியது. மலைக்கு இந்தப் பக்கம் மனிதர்கள் புல்லையும் கிழங்கையும் தேடி அலைந்தார்கள். அந்த ஆற்றைக் கிழக்கே திருப்ப முடியாதா என்ற யோசனை அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. 1886 அக்டோபர் 29ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கில சர்க்காருக்கும் 999 வருஷக் குத்தகை கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலம்; ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய். 1887இல் வேலை துவங்கியது. கர்னல் பென்னிகுயிக் அதை நடத்தினார். வெள்ளம் வந்து கட்டியதை அடித்துப் போனது, மறுபடி கட்டினார்கள். மலேரியாவும் காலராவும் கூலிக்காரர்களை வாரிக்கொண்டு போயின. அணைக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துக் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. 1895 அக்டோபர் 10ஆம் தேதி சென்னை கவர்னர் வென்லாக் பிரபு தண்ணீரைத் திறந்துவிட்டார். மேற்கே போக வேண்டிய ஆறு, மலையைக் குடைந்த சுமார் ஒரு மைல் நீளச் சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே இறங்கியது.

அன்று முதல் கம்பம் பள்ளத்தாக்கின் தலையெழுத்து மாறியது. இன்று இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. பள்ளத்தாக்கைத் தாண்டி மதுரைச் சீமை வரை அது போகிறது. ஜனவரி 15ஆம் தேதி, அந்த வெள்ளைக்காரரின் பிறந்த நாளில், இங்கே சில கிராமங்களில் அவர் படத்துக்கு முன் பொங்கல் வைக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் எழும்பியது. நன்றி மறக்காத ஜனங்கள். சந்தேகமே இல்லை.

ஆனால் நன்றியில் ஒரு பங்கு விட்டுப் போய்விட்டது. ஆறு தேங்கி ஏரியானபோது அதன் அடியில் ஒரு காடு போனது. பள்ளத்தாக்குகளில் வளர்ந்திருந்த மரங்கள் நின்ற நிலையிலேயே மூழ்கின. யானை மேய்ந்த சதுப்புப் புல்வெளிகள் போயின. அதன் பழைய தடங்கள் போயின. படகிலிருந்து நாம் அழகு பார்க்கிற அந்தக் கறுத்த மரங்கள் அந்தக் காட்டின் எலும்புகள். நூற்றிருபது வருஷங்களுக்கு மேலாகியும் அவை விழாமல் நிற்கின்றன. நம்முடைய சோற்றுக்கு அவை சாட்சி.

நம் ஊரில் மட்டும் நடந்த கதை அல்ல இது. ஆப்பிரிக்காவில் ஜாம்பசி ஆற்றின் குறுக்கே கரிபா என்ற இடத்தில் ஓர் அணை கட்டினார்கள். 1958 டிசம்பரில் மதகை மூடியதும் தண்ணீர் ஏறத் தொடங்கியது. குன்றுகள் தீவுகளாயின. தீவுகள் சுருங்கின. அவற்றின் மேல் மானும் குரங்கும் காண்டாமிருகமும் ஒண்டிக்கொண்டு நின்றன. ரூபர்ட் ஃபாதர்கில் என்ற வனவிலங்கு அதிகாரியும் அவருடைய ஆட்களும் படகுகளில் போய், ஐந்தாறு வருஷங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மிருகங்களைப் பிடித்துக் கரை சேர்த்தார்கள். நோவாவின் பேழையை நினைத்து அந்த வேலைக்கு அவன் பெயரையே வைத்தார்கள். கரை சேர்ந்த மிருகங்கள் பலவற்றுக்கு வீடான மட்டுசடோனா என்ற ஏரிக்கரைக் காடு 1975இல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் அங்கே போகிறார்கள். காலையில் யானை பார்க்கிறார்கள்; மாலையில் தூண்டில் போடுகிறார்கள். அங்கேயும் ஏரிக்குள் பட்ட மரங்கள் நிற்கின்றன. அங்கேயும் அவற்றைப் படம் பிடிக்கிறார்கள். ஆற்றங்கரையில் குடியிருந்த டோங்கா இனத்து மக்கள் ஏறத்தாழ 57,000 பேர் மேட்டு நிலங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு பேழை வந்ததாகத் தெரியவில்லை.

முதலில் மூழ்கடிக்கிறோம், பிறகு மிச்சத்தைக் காப்பாற்றுகிறோம், பிறகு டிக்கெட் கிழித்துக் காட்டுகிறோம். இப்படிச் சொன்னால் ரொம்பப் பெரிய பாசாங்காகத் தெரிகிறது. அவசரக்காரர் ஒருவர் "எல்லாம் பாவம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். எனக்கு அந்தத் தீர்ப்பு சம்மதம் இல்லை. பஞ்சத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய், "அந்தக் காடு மூழ்கியிருக்கக் கூடாது, அம்மா" என்று சொல்லிவிட முடியுமா? அணையைக் கட்டியவர்கள் பாவம் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள் பாவிகளும் இல்லை.

பாவம் வேறு, கடன் வேறு. பாவத்துக்குப் பிராயச்சித்தம் உண்டு. ஒரு முழுக்குப் போட்டுவிட்டால் தீர்ந்துவிட்டது என்று மனசு நிம்மதி அடைந்துவிடும். கடன் அப்படியில்லை. வாங்கியதில் தப்பு ஒன்றும் இல்லை; அவசியத்துக்குத்தான் வாங்கினோம். ஆனால் வாங்கினவன் வாங்கினவனாக நடந்துகொள்ள வேண்டும். தெருவில் கடன் கொடுத்தவர் எதிரே வந்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு வார்த்தை பணிவாகப் பேச வேண்டும். அவர் வீட்டுக் கூடத்துக்குள் புகுந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "என்ன, இன்றைக்கு ஒன்றும் விசேஷமில்லையா?" என்று கேட்கக் கூடாது.

படகில் நாம் கேட்பது அதைத்தான்.

அந்த ஏரிக்கு வருகிறவர்களில் மூன்று ரகம் உண்டு. வேட்டையாடுகிறவன் ஒருவன், மீன் பிடிக்கிறவன் ஒருவன், வேடிக்கை பார்க்கிறவன் ஒருவன். நம்மைக் கேட்டால் வரிசையைத் தயங்காமல் சொல்லிவிடுவோம். வேட்டைக்காரன் கொடியவன், மீன்காரன் நடுத்தரம், பார்க்கிறவன் பரிசுத்தன். முதலாவதைப் பற்றி எனக்கும் வாதம் இல்லை. 1934இல் திருவிதாங்கூர் ராஜ்யம் ஏரியைச் சுற்றியிருந்த காட்டை மிருகச் சரணாலயமாக்கியது. 1950இல் அது வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 1978இல் புலிகள் காப்பகம். துப்பாக்கி போய்விட்டது. நல்ல காரியம். ஆனால் மற்ற இருவரின் வரிசைதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

மீன் பிடிக்கிறவனைப் பாருங்கள். அந்த ஏரியில் மன்னான், பளியர் என்ற பழங்குடி மக்கள் மீன் பிடிக்கிறார்கள். மதுரைப் பக்கமிருந்து மலை ஏறியவர்கள் தாங்கள் என்று மன்னான் மக்களிடம் ஒரு பரம்பரைக் கதை உண்டு. அவர்களுடைய குடியிருப்புகள் காட்டுக்குள் இருந்தன. சென்ற நூற்றாண்டில் அவை குமுளி ஓரத்துக்கு மாற்றப்பட்டன. குத்தகைப்படி ஏரியின் மீன்பாட்டு உரிமை முதலில் சென்னை சர்க்காரிடம் இருந்தது. 1970 ஒப்பந்தத்தில் தமிழ்நாடு அதைக் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. இந்தக் காகிதங்களுக்கெல்லாம் நடுவில், மூங்கில் தெப்பத்தில் ஒரு மனிதன் சாயங்காலம் வலையைக் கட்டிவிட்டு வருகிறான்; விடிகாலையில் போய் எடுக்கிறான். யானை கரையில் நின்றால் அது போகும்வரை காத்திருக்கிறான். நீர்நாய்க் கூட்டம் முந்திக்கொண்டு வலையைக் குதறிவிட்டிருந்தால் திட்டிக்கொண்டே ஒட்டுப்போடுகிறான். அவன் ஓர் உயிரை எடுக்கிறான். எடுக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். அவனும் நீர்நாயும் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள். அதனால் அவனுக்கு அந்த இடத்தில் ஒரு மரியாதை, ஒரு ஜாக்கிரதை இருக்கிறது.

வலையில் என்ன விழுகிறது என்பதும் ஒரு கதை. பெரியாற்றின் மேல்பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு மீன் அங்கே உண்டு. பிராமணக் கெண்டை என்று உள்ளூரில் பெயர். 1941இல்தான் விஞ்ஞானிகள் அதற்கு ஒரு சாஸ்திரப் பெயர் வைத்தார்கள். இப்போது வலையில் ஏராளமாக விழுவதோ வெளியூர் மீன்கள். அவற்றில் ஒன்று, நாம் ஜிலேபி என்று செல்லமாகக் கூப்பிடுகிற திலேப்பியா. அது தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளின் மீன்; 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழைக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அது குளம் குளமாகப் பரவி, பிறந்த இடத்து மீன்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டது. கேட்காமல் வந்தவர்கள் மனிதர்களில் மட்டுமா உண்டு?

கரிபா ஏரியில் தூண்டில் போடுகிறவர்கள் இந்த வலைக்காரனைப் போன்றவர்கள் அல்லர். அங்கே புலிமீன் என்று ஒரு மீன். கத்திப் பற்கள், தூண்டிலில் மாட்டினால் தண்ணீரை விட்டு எகிறிக் குதித்துப் போராடும். அந்தப் போராட்டத்துக்காகவே போட்டிகள் வைத்துப் பிடிக்கிறார்கள். பிடித்து, நிறுத்து, படம் எடுத்துக்கொண்டு, மறுபடி தண்ணீரில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. "நாங்கள் கொல்வதில்லை" என்று அவர்கள் சொல்வது வாஸ்தவம். ஏரியில் மீன் குறையக் கூடாது என்ற அக்கறையும் உண்மையானது. ஆனாலும் ஒன்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பசிக்காக ஒரு மீனைக் கொல்கிறவன், பொழுதுக்காக ஒரு மீனை வதைத்து விடுகிறவன் - இவர்களில் யார் மீனுக்கு அதிகம் கடன்பட்டவன்? முதலாமவன் வாங்கியது அவனுக்குத் தெரியும். வீட்டு அடுப்பில் அது கொதிக்கிறது. இரண்டாமவன், திருப்பிக் கொடுத்துவிட்டேன், கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறான். மீனின் வாயில் இருக்கும் காயத்தை அவன் கணக்கு எழுதுவதில்லை.

பார்க்கிறவன் இந்த இரண்டாமவனுக்கு நெருங்கிய சொந்தம். அவனுடைய கையில் முள்கூட இல்லை. அதனால்தான் அவன் கணக்கே வைத்துக்கொள்வதில்லை.

ஒரு படகில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் ஒருவர் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். கரையில் இரண்டு மிளாக்கள் நின்றன; அவருக்கு அது போதவில்லை. "கொடுத்த காசுக்கு ஒரு யானையைக்கூடக் காட்டலையேப்பா" என்று படகுக்காரரிடம் சத்தமாகக் குறைப்பட்டார். படகுக்காரர், "அதுக்கு நாம வாரது தெரியாதுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பதில் எனக்குச் சிரிப்புக்கு அப்பாலும் தங்கிவிட்டது. யானை நம்மிடம் சம்பளம் வாங்கவில்லை. தோன்றுகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் டிக்கெட் என்ற துண்டுக் காகிதம் கைக்கு வந்தவுடன், ஒரு காடு நமக்குப் பாக்கி வைத்திருப்பதாக நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனாக மாறுகிற வித்தை அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

இந்த எதிர்பார்ப்பு சின்ன விஷயம் அல்ல. 2009 செப்டம்பர் 30ஆம் தேதி மாலை, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற ஓர் இரட்டை அடுக்குப் படகு அந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகங்களைப் பார்க்க எல்லாரும் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. படகைப் பற்றியும் ஏற்பாடுகளைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன. விசாரணைக் கமிஷனும் நடந்தது. இறந்தவர்கள் மேல் ஒரு சொல் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குழந்தைக்குக் காட்டு மாட்டைக் காட்ட எழுந்து நிற்காத தகப்பன் உண்டா? அந்த ஆசை நம் எல்லாருக்கும் உள்ளது. நான் சொல்ல வருவது வேறு. பார்வை வெறும் காற்று இல்லை. அதற்கு எடை உண்டு. ஒரே பக்கம் சாய்ந்தால் ஒரு படகையே கவிழ்த்துவிடுகிற எடை. படகைக் கவிழ்க்கிற எடை, அதைத் தினம் ஐந்து வேளை தாங்குகிற கரைமேல் மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

நாம் போய் யானையைப் பார்க்கிறோம். யானை வந்து நம்மைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரிந்துவிட்டது. மூணாறு பக்கம் சின்னக்கானலில் வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்து அரிசி தின்று பழகிய ஒரு கொம்பன். அரிக்கொம்பன் என்றே பெயர் வந்துவிட்டது. அவனால் உயிரிழந்தவர்களும் உண்டு. அந்த ஏழைகளின் பயம் கதை அல்ல. 2023 ஏப்ரல் கடைசியில் அவனை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மே 27ஆம் தேதி காலை அவன் கம்பம் நகரத் தெருவில் நடந்துகொண்டிருந்தான். ஜனங்கள் ஓடினார்கள், ஓடியவர்களில் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினார்கள். ஒருவர் அடிபட்டு, சில நாட்களில் இறந்துபோனார். நகரத்தில் 144 தடை உத்தரவு போட்டார்கள். ஜூன் 5ஆம் தேதி அவனை மறுபடி பிடித்து, லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

வேறு வழி இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. ஊருக்குள் வந்த யானையை அப்படியே விட்டுவிட முடியாது. ஆனால் அந்த நாட்களில் எனக்கு ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. யானைக் காட்டை மூழ்கடித்த தண்ணீரில் விளைகிறது இந்தப் பள்ளத்தாக்கின் அரிசி. அரிசி தின்னப் பழகிய யானை இந்தப் பள்ளத்தாக்குக்கே இறங்கி வந்தது. அவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நமக்குத் தெரியும் அல்லவா? நாம் அவன் வீட்டுக்குப் போனால் அது உல்லாசப் பிரயாணம்; அவன் நம் வீட்டுக்கு வந்தால் அது 144. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் இருபது மைல்கூட இல்லை.

சின்னமனூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். இரண்டு ஏக்கர் இருபோக நஞ்சை. எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. அவர் தேக்கடிக்குப் போனதே இல்லை. பேரப்பிள்ளைகள் காரில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று பலதடவை கூப்பிட்டார்கள். "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்று சொல்லிவிடுவாராம். ஏன் தாத்தா போகவில்லை என்று நான் கேட்டேன். "அங்கன போயி என்னத்தப் பாக்க? அந்தத் தண்ணிதான் வருசா வருசம் என் வயலுக்கே வந்து என்னப் பாத்துட்டுப் போகுதே" என்றார். ஜூன் மாதம் முதல் போகத்துக்கு மதகு திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளில், ஒரு கை பூவை எடுத்துப் போட்டுவிட்டு, குனிந்து கண்ணில் ஒற்றிக்கொள்வது அவர் வழக்கம். அவருக்கு ஏரி தெரியாது. யானை தெரியாது. ஆனால் வாங்குகிறோம் என்பது தெரியும்.

அப்படியானால் யாரும் தேக்கடிக்குப் போகவே கூடாதா? அப்படிச் சொன்னால் அது மூடத்தனம். இதற்கு எதிர்க்கட்சி வாதம் பலமானது. பார்க்காததை யாரும் நேசிப்பதில்லை. யானையைப் படத்தில் மட்டும் பார்த்து வளரும் குழந்தை, நாளைக்கு யானைக் காட்டின் வழியாக ரயில் விட வேண்டும் என்று கையெழுத்துப் போடும்போது கை நடுங்காது. பயணிகள் வருவதால்தான் அங்கே பலருக்குக் கஞ்சி. கஞ்சி இருப்பதால்தான் காட்டின் மேல் அவர்கள் கை வைப்பதில்லை. இதற்குத் தேக்கடியிலேயே நல்ல அத்தாட்சி உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதிவரை எல்லைப்புறத்து ஆட்கள் சிலர் அந்தக் காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து வயணப் பட்டை உரித்தார்கள். இலவங்கப் பட்டைக்குச் சொந்தமான பட்டை அது. வழக்குகள் அவர்கள் தலைமேல் நின்றன. வனத்துறையார் அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கூப்பிட்டுப் பேசி, அவர்களையே காவலுக்கும் பயணிகளுக்கு வழிகாட்டவும் வைத்துக்கொண்டார்கள். காட்டைத் திருடத் தெரிந்தவனுக்குத்தான் காட்டைக் காக்கவும் தெரியும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. எவ்வளவு நல்ல தோன்றல்!

அப்படிப்பட்ட வழிகாட்டி ஒருவரோடு காட்டில் நடப்பதற்கும் படகில் உட்கார்ந்து தேடுவதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர் ஈர மண்ணில் ஒரு குளம்படியைக் காட்டுவார். மரத்தில் கரடி நகம் கீறிய தடத்தைக் காட்டுவார். யானைப் பிண்டத்தைக் காலால் புரட்டி, "இது காலையில போனது" என்பார். மூன்று மணி நேரத்தில் ஒரு பெரிய மிருகம்கூடக் கண்ணில் படாது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. நேற்று இங்கே நடந்துபோன ஒருவரின் சௌக்கியத்தை விசாரித்துக்கொண்டு திரும்புகிற மாதிரி திரும்புவார். அவரும் பார்க்கத்தான் செய்கிறார். நம்மைவிட நூறு மடங்கு பார்க்கிறார். ஆனால் அவர் பார்வை வசூலுக்கு வந்த பார்வை அல்ல.

நான் பிரித்துச் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். வசூல் செய்கிற பார்வை ஒன்று. சௌக்கியம் விசாரிக்கிற பார்வை ஒன்று. முதலாவதற்கு யானை வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் ஏமாற்றம், வந்தால் இன்னும் பக்கத்தில் வர வேண்டும், பக்கத்தில் வந்தால் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு முடிவே இல்லை. இரண்டாவதற்கு, அது அங்கே எங்கோ மூங்கில் தின்றுகொண்டிருக்கிறது என்ற செய்தி போதும். கண்ணில் பட்டால் சந்தோஷம், படாவிட்டால் குறையில்லை. கடன் கொடுத்தவர் வீட்டுக்கு மரியாதைக்குப் போகிறவன், அவர் தூங்குகிறார் என்று தெரிந்தால், திண்ணையில் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுவான். எழுப்பச் சொல்ல மாட்டான்.

ஒரு தேசத்துக்கு நாகரிகம் வந்திருக்கிறதா என்று பார்க்கப் பலவித அளவுகோல்கள் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், யானையைக் காணாமல் திரும்புகிற ஒரு படகு எப்படித் திரும்புகிறது என்று பார்த்தாலே போதும். முணுமுணுத்துக்கொண்டு திரும்புகிறதா, அல்லது தண்ணீருக்குள் நிற்கும் அந்தக் கறுத்த மரங்களை ஒரு தடவையாவது மரங்களாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறதா?

மலையிறங்கி வீட்டுக்கு வந்து, களைப்போடு கைகால் கழுவிவிட்டு இலை முன்னால் உட்காருகிறோம். பள்ளத்தாக்கின் அரிசிச் சோறு ஆவி பறக்க விழுகிறது. "யானை பார்த்தீர்களா?" என்று வீட்டில் கேட்பார்கள். "இல்லை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட முடிந்தால், போய்வந்த பிரயாணம் வீண் போகவில்லை.